மூன்றாவது சிலிண்டருக்கு எழுபத்து நான்கு

1

எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வருடந்தோறும் போன் வரும். இந்த வருடமும் வந்தது. 'மும்பையில் நம்மவர் சாதனை' என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் முடிகிறதல்லவா, அதையொட்டி ஏதாவது சந்தோஷமாக எழுதித் தர வேண்டுமாம். சந்தோஷமாக எழுத இந்த வருடம் என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டார்களே என்று நடந்ததை எழுதுகிறேன். பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. இதை இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் யாராவது ஒருவர் "பைலட் வந்துட்டாரு" என்கிறார். என் சொந்த அண்ணன் துபாய்க்கு மலிவாக டிக்கெட் கிடைக்குமா என்று கேட்கிறான். நான் விமானத்தைப் பழுது பார்க்கிற என்ஜினியர். அதுவும் நீங்கள் ஏறுகிற பெரிய ஜெட் இல்லை. மூக்கில் ஒரே ஒரு விசிறி வைத்த சின்ன விமானம், பைலட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஓட்டிப் பழகுவது. அதன் என்ஜினும் உங்கள் மோட்டார் சைக்கிள் என்ஜினும் ஒரே ஜாதிதான். பிஸ்டன், சிலிண்டர், வால்வு, ஸ்பார்க் பிளக். மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் ஓரமாக உருட்டிக்கொண்டு போகலாம். இது நின்றுபோனால் உருட்டுவதற்குக் கீழே தரை இருக்காது.

அதனால் ஒவ்வொரு நூறு மணி நேரப் பறப்புக்கும் ஒரு தடவை கம்ப்ரஷன் பார்ப்போம். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய துளை வழியாக எண்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றை விடுவோம். சிலிண்டர் எவ்வளவைப் பிடித்து வைக்கிறது என்று முள் காட்டும். எழுபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அறுபதுக்குக் கீழே போனால் எங்கேயோ கசிகிறது. காற்று சும்மா போகாது, உஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் போகும். புகைக்குழாயில் காதை வைத்துக் கேட்டால் கேட்கிறதா, அப்படியானால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்கிறதா, பிஸ்டன் வளையம். இவ்வளவுதான் என் வித்தை. காது கேட்கிற எவனும் செய்யலாம்.

ஒரே ஓர் ஆபத்து உண்டு. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் நழுவினாலும், உள்ளே போகிற காற்று விசிறியை வீசிச் சுற்றிவிடும். கை போகும், தலையும் போகும். ஆகவே ஓர் ஆள் முன்னால் நின்று விசிறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கிற எங்கள் ஹாங்கரில் அந்த ஆள் மைதீன்.

2

மைதீன் கடையநல்லூர்க்காரன். குடியிருப்பது தாராவியில். பதினெட்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறான், இன்னும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில்தான். இங்கே தெற்கத்திக்காரன் எவனானாலும் எல்லோருக்கும் 'அண்ணா'. மைதீன் ஒருவன்தான் என்னை 'அண்ணாச்சி' என்பான். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் செம்பூரில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று, அப்புறம் ஆட்டோக்காரனிடம் மல்லுக்கட்டி, தினமும் வேலைக்குப் போகிறேன் என்றால் அது பொய்யில்லை.

போன மாதம் ஒரு விமானம் நூறு மணி நேரச் சோதனைக்கு வந்தது. மைதீன் விசிறியைப் பிடித்தான், நான் காற்றை விட்டேன். முதல் சிலிண்டர் எழுபத்து மூன்று. இரண்டாவது எழுபத்தைந்து. மூன்றாவதில் முள் ஐம்பத்திரண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. புகைக்குழாயில் காதை வைத்தேன், பாம்பு சீறுகிற மாதிரி காற்று. மறுபடி பிளக்கைப் போட்டு, வெளியே தள்ளி, ஓட்டிச் சூடாக்கி, திரும்ப வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று. வெளிவால்வு எரிந்துகொண்டிருக்கிறது. அது உடைந்தால் ஆகாயத்தில்தான் உடையும். விமானம் பறக்காது, புது சிலிண்டர் வரவேண்டும் என்று எழுதிவிட்டேன்.

எங்கள் மேனேஜர் தேஷ்பாண்டே என் எழுத்தைப் படித்த வேகத்திலேயே ஓடி வந்தார். ஏற்கெனவே ஒரு விமானம் டயர் வராமல் நிற்கிறது, மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உங்கள் மீட்டர்தான் தப்பு என்றார். மீட்டருக்குச் சான்றிதழ் இருக்கிறதே என்றேன். சான்றிதழில் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார். முத்திரை மங்கினால் காற்றும் மங்குமா? கேட்கவும் கேட்டேன். அதற்காக அந்த மீட்டரை நானே சோதனைச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு, வெளியே எடுத்துப் போக ஒரு பாஸ், உள்ளே கொண்டுவர ஒரு பாஸ், கேட்டில் சோதனைக்கு ஒரு மணி நேரம் என்று நாலு நாள் அலைந்தேன். மீட்டர் சுத்தம் என்று எழுதி வந்தது.

ஊரில் படித்து முடித்த புதிதில் ஒரு வருடம் பம்ப்செட் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே காகிதமே கிடையாது. என்ஜின் ஓடாவிட்டால் வயல்காரர் வந்து சட்டையைப் பிடிப்பார், அதுதான் ஆடிட். இங்கே சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை, காகிதம்தான் பிடிக்கிறது.

மீட்டர் சரி என்று ஆனதும் தேஷ்பாண்டே பழைய தாளை எடுத்து வந்தார். போன சோதனையில் மூன்றாவது சிலிண்டருக்கு எழுபத்து நான்கு. நூறு மணி நேரத்தில் இருபத்திரண்டு பவுண்டு எங்கே போயிற்று, காரணம் எழுதுங்கள், ஆடிட் வருகிறது என்றார். தாளில் இரண்டு கையெழுத்து. 'செய்தவர்' என்ற இடத்தில் மைதீன். 'சான்றளித்தவர்' என்ற இடத்தில் நான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அலைந்து அலைந்து எரிச்சலில் இருந்தேன். மைதீன் போன தடவை விசிறியைச் சரியாக நிறுத்தாமல் இருந்திருப்பான், ஏதோ தப்புப் பண்ணியிருப்பான் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு சாயங்கால ரயிலைப் பிடிக்க ஓடினேன். தேஷ்பாண்டேவுக்கு அது போதும். லைசென்ஸ் வைத்திருக்கிற என்மேல் வந்தால் எங்கள் பைலட் பள்ளிக்கே கெட்ட பெயர். ஒப்பந்தக்காரன் மேல் போனால் ஒரு கடிதத்தோடு முடிந்தது. மறுநாளே மைதீனுக்கு நோட்டீஸ் போயிற்று. ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும், திருப்தியாக இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

3

ஞாயிற்றுக்கிழமை காலை மைதீன் செம்பூருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் நோட்டீஸ். அவனுக்கு இங்கிலீஷில் எழுத வராது. பதிலை நான்தான் எழுதித் தர வேண்டுமாம், அவன் கையெழுத்துப் போடுவானாம்.

"நீங்க எழுதுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?"

என் மனைவி செல்வி டீ கொடுத்தாள். அவள் தாராவியிலேயே பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி, மைதீன் வீட்டுச் சங்கதியெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்று பிள்ளைகள், பெரியவள் கல்யாண வயது, இந்த வேலையை விட்டால் இந்த வயதில் எந்த ஹாங்கரும் எடுக்காது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபம். எழுபத்து நான்கு என்று எப்படி எழுதவிட்டாய், பிடிக்கிறவன் நீ, உச்சியில் நிற்கவில்லை என்றால் சொல்ல வேண்டாமா, உன்னை நம்பித்தானே நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவனைப் போட்டு வறுத்தெடுத்தேன். அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

டைப் அடிக்க என் மகள் கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். பதினெட்டு வயது. நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லுவாள். தமிழில் கடைப் பலகை படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாக வழி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி படிப்பாள். அவளிடம் இதற்காக நான் போடாத சண்டை இல்லை. செல்வியிடமும் போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்திடமும் போட்டிருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்து நோட்டீஸைப் பார்த்தவள் அதிலிருந்த போன சோதனையின் தேதியை அடித்தாள். அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அப்பா, யே தோ வஹீ தின் ஹை நா? டொமிசைல்-வாலா?"

டொமிசைலுக்குப் போன அதே நாள்தானே என்கிறாள். அந்த நாள்தான்.

டொமிசைல் என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால், நாம் இந்த மாநிலத்தில் வாழ்கிறோம் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். இருபத்திரண்டு வருடம் இந்த ஊர் மழையில் நனைந்து, இந்த ஊர் ரயிலில் நசுங்கியவன் இங்கே வாழ்கிறான் என்று ஒரு குமாஸ்தா சொல்ல வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். எனக்கு இனிஷியல் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. என் மகளுக்குக் கடைசிப் பெயர் என் பெயர். எனக்குக் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். இரண்டும் வேறுவேறாக இருக்கிறதே, இவள் உன் மகள்தானா என்று கேட்டார், அவளை முன்னால் வைத்துக்கொண்டே. பிறந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவா என்றார். ஊர் கிராம அலுவலருக்குப் போன் போட்டால், நீங்கள்தான் இங்கே இல்லையே, நாங்கள் எப்படிக் கொடுப்பது என்கிறார். ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் நான் எங்கேதான் இருந்தேன், நடுவழியில் ரயிலிலா?

கடைசித் தவணை அன்றைக்கு. ஆபீஸ் மூடுவதற்குள் போயாக வேண்டும். காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. என்ஜினைச் சூடாக்கி உள்ளே தள்ளி, முதலாவது, இரண்டாவது, நான்காவது என்று பார்த்தோம். மூன்றாவதன் பிளக் இறுகிப்போயிருந்தது, அதனால் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அதைக் கழற்றி முடித்த நேரத்தில் கரண்ட் போய், காற்றடிக்கிற கம்ப்ரஸர் நின்றது. கரண்ட் வருவதற்குள் என்ஜின் ஆறிவிட்டது. ஆறின என்ஜினில் பார்க்கிற அளவு அளவே இல்லை. திரும்பச் சூடாக்க வேண்டுமென்றால் பிளக்கையெல்லாம் போட்டு, மூடியெல்லாம் மாட்டி, வெளியே தள்ள வேண்டும். மதியத்துக்கு மேல் தரையில் என்ஜினை ஓட்டக் கூடாது, சுற்றியிருக்கிற இருபது மாடிக்காரர்களுக்குச் சத்தம் ஆகாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிரீஸ் கையோடு நான் ஓடினேன். அந்தக் கையைப் பார்த்துக் குமாஸ்தா, சான்றிதழில் கறை படும், தொடாதே என்று கத்தியது கீர்த்தனாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கும் நன்றாக நினைவிருந்தது. அவர் கத்தியதை நான் ஐம்பது பேரிடம் சொல்லித் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன் என்பது மட்டும் சுத்தமாக மறந்துபோயிற்று.

4

மைதீனைப் பார்த்தேன். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியத் தொடங்கியிருந்தது.

மறுநாள் தேஷ்பாண்டே தாளைக் கேட்டு நின்றிருக்கிறார். மைதீன், மூணாவது பாக்கி இருக்கு அண்ணாச்சி என்று சொல்லியிருக்கிறான். நான் முந்தின சோதனைத் தாளைப் புரட்டி, அதில் எழுபத்து நான்கு இருந்ததைப் பார்த்து, அதையே எழுதினேன். அந்த சிலிண்டர் எப்போதும் எழுபத்து நான்குதான் காட்டும், அடுத்து சூடாக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தெரிந்தே எழுதினேன். எழுதியதைத்தான் பிறகு மறந்தேன். பிறகு மைதீனிடம் தாளை நீட்டினேன், அவன் கையெழுத்துப் போட்டான்.

அந்தத் தாளோடு அந்த விமானம் நூறு மணி நேரம் பறந்திருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் தனியாக ஓட்டிப் போயிருக்கிறார்கள். கீழே கடல், கீழே குடிசைகள். எதுவும் நடக்கவில்லை என்பது என் புத்திசாலித்தனத்தால் இல்லை.

ஏன் சொல்லவில்லை, இத்தனை நாளில் ஒரு தடவை வாயைத் திறந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் குரலை உயர்த்தித்தான் கேட்டேன், வெட்கக்கேடு.

"நீங்க மறந்திருக்க மாட்டியன்னு நெனச்சேன், அண்ணாச்சி," என்றான் மைதீன். "நீங்க வேற நேரத்துல பாத்துருப்பியன்னு நெனச்சேன். ஆனாலும் அந்த வண்டி மேல போச்சுன்னா, எறங்குத வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

ஆறிப்போன டீயைக் கீழே வைத்தான். மைதீன்தான் திரும்பப் பேசினான். விசிறி நழுவிவிட்டது என்று எழுதிவிடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன், உங்கள் லைசென்ஸ் பெரிது, என் வேலை எங்கேயாவது கிடைக்கும் என்றான். கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நிமிடம் நான் அதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையும் அந்தத் தாள் மாதிரி ஆகிவிடும்.

செல்வி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "குமாஸ்தாவ வைதீங்க, மேனேஜர வைதீங்க, இந்தப் பிள்ளையத் தமிழ் படிக்கலன்னு வைதீங்க. இப்ப யார வைவீங்க?"

நான் கீர்த்தனாவிடம் மைதீன் பெயரில் பதில் வேண்டாம் என்றேன். என் பெயரைப் போடச் சொன்னேன். மூன்றாவது சிலிண்டரை நான் அளக்கவில்லை, அளவை நானே எழுதினேன், 'செய்தவர்' என்று கையெழுத்துப் போட்டவருக்கு அதில் பங்கில்லை. மூன்று வரிதான். அவள் அடித்து முடித்து, தமிழில், "அப்பா, லைசென்ஸ் போயிடுமா?" என்று கேட்டாள். போனாலும் போகும் என்றேன்.

5

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்கும் வழியில்லையாம். நோட்டீஸ் மைதீனுக்குத்தான் வந்திருக்கிறது, உங்களுக்கு வரவில்லை, வராத நோட்டீஸுக்கு நீங்கள் எப்படிப் பதில் தருவீர்கள் என்றார் தேஷ்பாண்டே. கோப்பில் இதை எங்கே வைப்பது என்றார். எனக்கும் ஒரு நோட்டீஸ் கொடுங்கள் என்றேன். தானாகக் கேட்டு நோட்டீஸ் வாங்குகிற ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் பார்த்ததில்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேஜைக்கு மேஜை தள்ளினார்கள். கடைசியில் எனக்கு ஒரு நோட்டீஸ், மைதீனுடையது ரத்து. விசாரணை முடிகிற வரைக்கும் நான் எதற்கும் சான்றளிக்கக் கூடாது. சம்பளத்தைக் குறைத்து, மெக்கானிக்காக இருக்கலாம் என்றார்கள். இருக்கிறேன்.

என் இடத்துக்கு சாகேத் என்று ஒரு இளம் என்ஜினியர் வந்தார். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரம். புது சிலிண்டர் வந்து மாட்டினார்கள், ஓட்டிச் சூடாக்கினார்கள். சாகேத் மீட்டரோடு பக்கவாட்டில் உட்கார்ந்தார். விசிறியைப் பிடிக்க நான் போனேன்.

இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தில் நான் நின்றதில்லை. அங்கே நின்றால் மீட்டர் தெரியாது. என்ஜின் மறைக்கிறது. கண்ணை விசிறியின் விளிம்பிலிருந்து எடுக்கவும் முடியாது. தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு, காற்று உள்ளே புகுந்து விசிறி கையில் துடிப்பதைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எண்ணைச் சொல்லுவார். நான்கையும் சாகேத் சொன்னார். பிறகு தாளை என்னிடம் நீட்டி, 'செய்தவர்' என்ற இடத்தைக் காட்டினார்.

நான் முள்ளைப் பார்க்கவில்லையே என்றேன்.

நான் பார்த்தேனே அண்ணா என்றார் சாகேத், ஒன்றும் புரியாமல். அவர்மேல் தப்பில்லை. பதினெட்டு வருடம் நானும் மைதீனிடம் இப்படித்தான் தாளை நீட்டியிருக்கிறேன். அவன் ஒரு தடவைகூட முள்ளைப் பார்த்ததில்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

மறுபடி வையுங்கள் என்றேன். என்ஜின் ஆறிவிடும் என்றார். ஆறுவதற்குள் வையுங்கள் என்றேன். மைதீனைக் கூப்பிட்டு, நான் பிடிக்கிறேன், நீ போய் மீட்டரைப் பாரு என்றேன். அவன் தயங்கினான். தனக்கு எதற்கு, நீங்கள் பார்த்தால் போதாதா என்றான். போ என்று அதட்டிவிட்டேன். என் வாய் எங்கே போகும்.

மைதீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் சாகேத் பக்கத்தில் குந்தினான். நான் விசிறியைப் பிடித்தேன். காற்று ஏறியது. சாகேத் எண்ணைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது கேட்டது, மைதீன் கையைக் காட்டியிருக்க வேண்டும். அவன் தானாகவே முள்ளைப் படித்து முடிக்கட்டும் என்று விசிறியை இறுக்கிப் பிடித்திருந்தேன். என் தோள் கடுத்தது.

"எழுபத்தி மூணு," என்றான் மைதீன் அந்தப் பக்கத்திலிருந்து. கொஞ்சம் கழித்து, "முள்ளு லேசா ஆடுதே, அண்ணாச்சி. இது எப்பமும் ஆடுமா?" என்றான்.

கொஞ்சம் ஆடும் என்று சொன்னேன். ஆட்டம் நின்றதும் மறுபடி பார்த்துச் சொல்லு என்றேன்.